பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு இன்ஜின் தேடுவதும் ஒரு வேலைதான்

நெய்வேலியில் மோட்டார் மெக்கானிக் டிரேடு முடித்த பையனுக்கு எல்லோரும் சொல்லும் வழி ஒன்றுதான். ஊரின் நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி.யில் அப்ரண்டிஸ் போ, ஒரு வருஷம் முடி, அப்புறம் நோட்டிஃபிகேஷன் வரும்வரை காத்திரு. அப்ரண்டிஸ் பயிற்சி நல்லதுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் அந்தச் சான்றிதழுக்கு எங்கே போனாலும் மதிப்பு உண்டு. ஆனால் பயிற்சி கொடுத்த நிறுவனமே வேலையும் கொடுத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. அந்தக் காத்திருப்புக் காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய, நல்ல ஆள் கிடைக்காமல் ஒர்க்‌ஷாப்காரர்கள் திண்டாடும் ஒரு வேலை இருக்கிறது.

பதினைந்து வயதான ஆட்டோமேட்டிக் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் இன்ஜின் போய்விட்டது. அதற்கு அப்படியே பொருந்தும் மாற்று இன்ஜினைக் கண்டுபிடிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், பேப்பரோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்க எளிது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஏது ஸ்போர்ட்ஸ் கார் என்று கேட்பீர்கள். வட்டத்துக்கு வட்டம் தேடினாலும் ஒன்றிரண்டு தேறினால் அதிகம். ஆனால் புதுச்சேரி இங்கிருந்து இரண்டு மணி நேரத்துக்குள். குறைந்த சாலை வரிக்காக வெளிமாநிலத்தவர்கள் சொகுசுக் கார்களை அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்ததும், 2017இல் கேரளத்தில் அது பெரிய சர்ச்சையானதும் நினைவிருக்கும். அந்த நாளில் வாங்கிய கார்கள் இப்போது இரண்டாவது, மூன்றாவது கைக்கு வந்துவிட்டன. புது மாருதி வாங்கும் காசுக்கு இரண்டு கதவு பென்ஸ் கிடைக்கிறதே என்று ஆசைப்பட்டு வாங்கியவரிடம் கம்பெனி சர்வீஸ் சென்டர் புது இன்ஜினுக்கு விலை சொல்கிறது. வண்டி வாங்கிய விலையை அது தாண்டிவிடுகிறது. அங்கேதான் தேடல் தொடங்குகிறது.

இந்தத் தேடலுக்கு நெய்வேலிக்காரரிடம் ஒரு அனுகூலம் உண்டு. சோவியத் உதவியோடு இங்கே அமைந்த முதலாவது அனல் மின்நிலையத்தில் 1962இல் மின் உற்பத்தி தொடங்கியது. அது ஓய்வு பெற்றது 2020இல். இடையில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று, மின்நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. சுரங்கத்தில் ஓடும் ஜெர்மானிய பக்கெட் வீல் இயந்திரங்களும் அப்படித்தான். கடலூர் மணற்பாறை பற்களைத் தின்னத் தின்ன, மாற்றிக்கொண்டே ஓட்ட வேண்டும். பார்ட் நம்பர் எழுதாமல் ஸ்டோரில் ஒரு போல்ட்கூட வாங்க முடியாத இடத்தில் பழகிய கை, "ஏறக்குறைய இதே மாதிரிதான் சார்" என்ற பேச்சுக்கு மயங்காது. நம் தொழிலுக்கு அந்தக் குணம் முதலீடு.

முதலில், போனது இன்ஜின்தானா?

ஆட்டோமேட்டிக் காரில் இந்தக் கேள்விக்கு ஒரு முழு நாள் செலவிடுங்கள். பிக்கப் இல்லை, உதறுகிறது, மூன்றாவது கியருக்கு மேல் போக மறுக்கிறது என்று வரும் வண்டிகளில் ஒரு பகுதி கியர்பாக்ஸ் கோளாறு. 2000களின் முற்பகுதியில் வந்த, 722.6 என்ற ஐந்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி கொண்ட மெர்சிடிஸ் கார்கள் பலவற்றில் ரேடியேட்டருக்குள்ளேயே கியர் ஆயில் குளிரூட்டி இருக்கிறது. அது உள்ளே கசிந்தால் கூலன்ட் கியர் ஆயிலில் கலக்கும். கிளட்ச் தட்டுகள் ஊறிப்போகும். வண்டி ஒரே சீராக ஓடாமல் நடுங்கும். இதைக் கவனிக்காமல் இன்ஜினை மாற்றினால் புது இன்ஜினும் அதே நடுக்கத்தோடு ஓடும், பழி உங்கள் மேல் விழும்.

எனவே கம்ப்ரஷன் டெஸ்ட், லீக் டவுன் டெஸ்ட், ஸ்பார்க் பிளக் துளை வழியே போர்ஸ்கோப், ஆயில் ஃபில்டரை அறுத்து விரித்து உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்த நான்கும் முடிந்த பிறகுதான் தீர்ப்பு. ஹெட் மட்டும் போயிருந்தால் ஹெட் வேலை பாருங்கள். பிளாக் நன்றாக இருந்தால் நல்ல லேத்தில் கொடுத்து போர் பண்ணிக்கொள்வது பல சமயம் தெரியாத இன்ஜினை வாங்குவதைவிட மேல். சென்னையும் கோவையும் ரேஸ் ஓட்டிப் பழகிய ஊர்கள். இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடம் 1990இலிருந்து இருக்கிறது. கோவையில் கரிவரதன் பந்தயக் கார்களையே கட்டினார். நுணுக்கமான இன்ஜின் வேலைக்கு அந்த ஊர்களில் ஆள் உண்டு. சோதனைக்கான கூலியைத் தனியாக, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். "இன்ஜின் மாற்ற வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அப்போதுதான் உங்களுக்கு இருக்கும்.

தேடுவது காரை அல்ல, குறியீட்டை

மாற்றித்தான் ஆக வேண்டும் என்று முடிவானதும், புதியவர்கள் செய்வது காரின் பெயரைச் சொல்லிக் கடைகடையாய்ப் போன் அடிப்பது. மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. இன்ஜின் இருக்கா? இருக்காது. இந்தியாவில் வந்த எஸ்.எல்.கே.க்களே கொஞ்சம், அதில் உடைப்புக்கு வந்தவை எத்தனை?

கேள்வியை மாற்றிப் பாருங்கள். ஆர்171 தலைமுறை எஸ்.எல்.கே. 200 கம்ப்ரஸரில் இருப்பது எம்271 என்ற 1.8 லிட்டர், நான்கு சிலிண்டர், சூப்பர்சார்ஜர் இன்ஜின், 163 குதிரைத்திறன். டபிள்யூ203 சி-கிளாஸில் பின்னாளில் வந்த சி 200 கம்ப்ரஸரிலும் அதே குடும்ப இன்ஜின், அதே 163. அதே 722.6 கியர்பாக்ஸ்கூட. மேற்கூரை மடங்கும் அந்த ஆடம்பரத்துக்குள் துடிப்பது, டாக்டர்களும் கான்ட்ராக்டர்களும் ஓட்டிய செடானின் இதயம்தான். சி-கிளாஸ் இந்தியாவிலேயே அசெம்பிள் செய்யப்பட்ட கார். விபத்தில் நசுங்கியவை, இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ் போட்டவை என்று உடைப்புக்கு வருவதும் அதிகம். தேடல் சட்டென்று எளிதாகிவிட்டது.

ஆனால் அங்கேயே நின்றுவிடக்கூடாது. 2008இல் எஸ்.எல்.கே. 200இன் திறன் 184 ஆக உயர்ந்தது. சி 180 கம்ப்ரஸரில் அதே 1.8 லிட்டர் பிளாக், 143 குதிரைத்திறன். எல்லாமே எம்271, எல்லாமே ஒன்றல்ல. மெர்சிடிஸ் இன்ஜின் எண்ணில் முதல் மூன்று இலக்கம் குடும்பம், அடுத்த மூன்று அதன் வகை. அந்த ஆறு இலக்கத்தையும் வாங்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வகை மாறினால் ஆயில் சம்ப், மவுண்டிங், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், சென்சார் இவற்றில் எது வேறுபடும் என்று மெர்சிடிஸின் ஈ.பி.சி. உதிரிபாகக் கேட்லாக்கில் பார்ட் நம்பரை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். பி.எம்.டபிள்யூ.வுக்கு ஈ.டி.கே., ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கு ஈ.டி.கே.ஏ. இந்த மூன்று கேட்லாக்குகளையும் படிக்கத் தெரிந்தவர் இந்தத் தொழிலில் பாதி தூரம் வந்துவிட்டார்.

ஒரே பெயரில் இரண்டு இன்ஜின் என்ற பொறிக்கு ஆடி டிடி நல்ல உதாரணம். இரண்டாம் தலைமுறை டிடியின் பின்னால் 2.0 டி.எஃப்.எஸ்.ஐ. என்று ஒட்டியிருக்கும். தொடக்கத்தில் அது ஈ.ஏ.113 குடும்பம், டைமிங் பெல்ட். பின்னாளில் அதே எழுத்து, ஆனால் ஈ.ஏ.888 குடும்பம், டைமிங் செயின். இரண்டும் இரண்டு லிட்டர், இரண்டும் டர்போ. பாதிப் பாகம்கூட ஒன்றுக்கொன்று ஆகாது. இன்னொன்று: டிடியை ஆட்டோமேட்டிக் என்று விற்றாலும் அதில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது, இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஆகவே ஃப்ளைவீல் சமாச்சாரமே வேறு. பி.எம்.டபிள்யூ. இசட்4இன் முதல் தலைமுறை 2002இலிருந்து 2008 வரை வந்தது. 2005 வரை எம்54 இன்ஜின், அதன்பின் என்52. பின்னது மக்னீசியம் கலந்த பிளாக், மின்சார வாட்டர் பம்ப், வால்வை ஏற்றி இறக்கும் முறையே வேறு. இங்கே ஆர்.சி.யில் உள்ள வருஷம் போதாது, வண்டி தயாரான மாதம் வேண்டும்.

இலங்கையில், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இதைப் படிக்கும் மெக்கானிக் தம்பிக்கு வேறொரு தலைவலி தெரிந்திருக்கும்: மஸ்டா ஆர்.எக்ஸ்-8. 2003இல் வந்த இந்த ரோட்டரி காரில், நான்கு கியர் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு நான்கு போர்ட் இன்ஜின். வேகமான மேனுவல் வண்டிக்கு ஆறு போர்ட். 2006இல் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் வந்தபோது அதற்கும் ஆறு போர்ட் கொடுத்தார்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிபாகக் கடைகளின் அலமாரியில் இருக்கும் இரண்டும் பார்வைக்கு ஒன்று. ஆறு போர்ட்டைப் பழைய நான்கு கியர் வண்டியில் ஏற்றினால் கூடுதல் போர்ட்டைத் திறந்து மூடும் வால்வுகளுக்கு அந்த வண்டியின் கம்ப்யூட்டரில் கட்டளையே இராது. சாதாரண கம்ப்ரஷன் கேஜும் இதற்கு ஆகாது. ரோட்டரின் மூன்று முகங்களையும் தனித்தனியே படிக்கும் கருவி வேண்டும்.

மேனுவல் வண்டியின் இன்ஜின் கிடைத்தால் ஆட்டோமேட்டிக்கில் போடலாமா? பெரும்பாலும் போடலாம், கிராங்க் ஷாஃப்டின் பின்முனையைப் பார்த்த பிறகு. மேனுவலில் கனமான ஃப்ளைவீல், ஆட்டோமேட்டிக்கில் மெல்லிய ஃப்ளெக்ஸ் பிளேட். போல்ட்டின் நீளம் வேறு. மேனுவலில் கிராங்க் துளைக்குள் ஒரு சிறிய பைலட் பேரிங் உட்கார்ந்திருக்கும். அதை எடுக்காமல் விட்டால் கன்வெர்ட்டரின் மூக்கு உள்ளே போகாத வண்டிகள் உண்டு. சில கார்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பல்வரிசையே ஃப்ளைவீலில்தான் இருக்கிறது. ஆட்டோமேட்டிக்கிலிருந்து இறக்கிய இன்ஜினை ஃப்ளெக்ஸ் பிளேட்டோடும் அதன் போல்ட்டோடும் சேர்த்துக் கேட்பதே சுகம்.

எங்கே தேடுவது

சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம், மும்பை குர்லா, டெல்லி மாயாபுரி. சொகுசுக் கார்களுக்கு மும்பையும் டெல்லியும் கை கொடுக்கும்; முதல் நாலைந்து வேலைக்குப் புதுப்பேட்டை போதும். நேரில் போங்கள். போனில் அனுப்பும் படத்தில் துடைத்துப் பளபளக்கும் இன்ஜின் நேரில் வேறு கதை சொல்லும்.

கடைக்காரர் தரையில் வைத்து ஸ்டார்ட் செய்து காட்டுவார். காது இனிக்கும். சுமை இல்லாமல் ஓடும் இன்ஜினிடமிருந்து நமக்குத் தெரியவேண்டியது எதுவும் தெரிவதில்லை. வால்வு கவரைத் திறக்கச் சொல்லுங்கள். எம்271 என்றால் டைமிங் செயின் நீண்டிருக்கிறதா, கேம் பற்சக்கரத்தின் பற்கள் கூராகிவிட்டனவா என்று பாருங்கள்; அந்த இன்ஜினின் பெயர்பெற்ற நோய் அது. சம்ப்பைக் கழற்ற அனுமதித்தால் கடைக்காரர் நல்லவர். மறுத்தால், இன்ஜினை அவரிடமே விட்டுவிட்டு டீ குடிக்கப் போங்கள்.

சென்னைச் சந்தையில் தனியாகக் கவனிக்க வேண்டியது வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பேஸ்மென்ட்டில் மூழ்கிய கார்கள் ஏராளம். தண்ணீரை உறிஞ்சிய இன்ஜினில் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் கம்ப்ரஷன் குறைவாகக் காட்டும். ஆல்டர்னேட்டரைக் கழற்றி உள்ளே நுண்ணிய வண்டல் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். வயரிங் சாக்கெட்டைப் பிரித்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே எவ்வளவு கழுவினாலும் இந்த இரண்டு இடத்தையும் யாரும் கழுவுவதில்லை.

மலேசியாவிலும் இலங்கையிலும் இருக்கும் சொந்தக்காரர்கள், ஜப்பானிலிருந்து வரும் ஹாஃப் கட் வண்டிகள் பற்றிச் சொல்வார்கள்: முன்பாதியை அப்படியே அறுத்து, இன்ஜின், கியர்பாக்ஸ், வயரிங், கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து ஒரே துண்டாக. பொறாமைப்படத்தக்க வசதி. இந்தியாவில் பயன்படுத்திய உதிரிபாக இறக்குமதிக்கு அரசின் அனுமதி வேண்டும். "கன்டெய்னர்ல வருது, பேப்பர் எல்லாம் அப்புறம்" என்பவரிடம் போகாதீர்கள்.

ஏற்றும்போது

தேடித் தருபவர் நீங்கள், ஏற்றுபவர் வேறு மெக்கானிக் என்றாலும் மூன்று விஷயத்துக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முதலாவது டார்க் கன்வெர்ட்டர். அது கியர்பாக்ஸ் பம்புக்குள் முழுவதும் இறங்கி உட்கார வேண்டும். சுற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே விழும். இறங்கியதாக நினைத்து, பெல் ஹவுசிங் போல்ட்டை முறுக்கி இழுத்து மூடுபவர்கள் உண்டு. பம்ப் நொறுங்கும், அதற்குமுன் கொஞ்சம்கூடச் சத்தம் வராது. இன்ஜினும் பெட்டியும் கையாலேயே ஒட்டிச் சேர வேண்டும். சேர்ந்த பிறகும் கன்வெர்ட்டர் தனியாகச் சுழல வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கும் அதற்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இல்லையென்றால் இறக்கு, மறுபடி உட்கார வை.

இரண்டாவது கம்ப்யூட்டர். இவ்வகைக் கார்களில் சாவியும் இன்ஜின் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பதிவு பெற்றவை. வேற்று வண்டியின் கம்ப்யூட்டரை மாட்டினால் ஸ்டார்ட் ஆகாது. இன்ஜின் கம்ப்யூட்டரும் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரும் விடாமல் பேசிக்கொண்டே இருப்பவை வேறு. ஆகவே வாங்கிய இன்ஜினின் உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு, பழைய இன்ஜினின் சென்சார், வயரிங், கம்ப்யூட்டர், நல்ல நிலையில் உள்ள இன்ஜெக்டர் எல்லாவற்றையும் அதன்மேல் பூட்டுவதே வழக்கம். அதே வகை இன்ஜினைத் தேடச் சொல்வது இதற்காகவும்தான்.

மூன்றாவது, இன்ஜின் கீழே இருக்கும்போதே மாற்ற வேண்டியவை: பின் ஆயில் சீல், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், மவுண்டிங் ரப்பர், டைமிங் செயின் அல்லது பெல்ட், ரேடியேட்டர். இவை எஸ்டிமேட்டில் முதலிலேயே இருக்கட்டும். "பிறகு பார்த்துக்கலாம்" என்கிற ஓனர்தான் பிறகு சண்டைக்கு வருவார்.

பேப்பர்

இங்கே தவறினால் இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் வண்டி இரும்புதான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. வேறு கம்பெனி இன்ஜின், கூடுதல் சி.சி. என்ற யூடியூப் கனவெல்லாம் இங்கே முடிகிறது. அதே மேக், அதே வகை இன்ஜின் என்றாலும் எண் மாறுகிறது. ஆகவே மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் விண்ணப்பித்து அனுமதி கேளுங்கள். அனுமதி இல்லாமல் மாற்றம் நடந்துவிட்டால் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைத்துத் திருத்த வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறந்து எண்ணைப் படிப்பார். அந்த எண் அடித்துத் திருத்தியதாக இருந்தால் கேள்வி உங்களிடம்தான் வரும்.

அதனால் விற்பவரிடம் இன்ஜின் எண் எழுதிய பில், இன்ஜின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், அதன் பதிவு ரத்தானதற்கோ இன்சூரன்ஸ் ஏலத்தில் எடுத்ததற்கோ ஆதாரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். அந்த வண்டி எண் திருட்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் இணைய வசதியில் பார்த்து, அந்தப் பிரதியையும் ஃபைலில் வையுங்கள். இன்சூரன்ஸ் பாலிசியிலும் புது எண் ஏற வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

புதுச்சேரிப் பதிவு வண்டி என்றால் இன்னொரு கணக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது 47ஆம் பிரிவு. மேலும் பதினைந்து வருஷம் முடிந்த காருக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2021 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி இறக்குமதிக் காருக்கு அந்தக் கட்டணம் 40,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. சாதாரணக் காருக்கு அப்போது 5,000தான். இன்ஜினுக்கு விலை பேசுமுன் ஆர்.சி.யில் காலாவதித் தேதியைப் பாருங்கள். இந்தச் செலவெல்லாம் கேட்ட பிறகு ஓனர் வண்டியையே விற்றுவிடலாம் என்று முடிவெடுத்தால் அதுவும் உங்களால் அவருக்குக் கிடைத்த லாபம். சோதனைக் கூலி ஏற்கெனவே வாங்கியாயிற்று.

கூலி எப்படிப் பேசுவது

மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: சோதனைக் கூலி, தேடல் கூலி, இன்ஜின் விலை. இன்ஜின் விலையைக் கடைக்காரரின் பில்லிலேயே ஓனர் நேராகக் கட்டட்டும். கடைக்காரரிடம் மறைவாகக் கமிஷன் வாங்கும் வழக்கம் சந்தையில் உண்டு. அதில் கை வைத்தால், கெட்ட இன்ஜினைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் உங்களால் வாய் திறக்க முடியாது. எத்தனை நாள் டெஸ்டிங் வாரன்டி, இன்ஜின் திரும்பினால் லாரி வாடகை யாருடையது, ஏற்றி இறக்கிய கூலி யாருடையது ஆகிய மூன்றும் ஒரு தாளில் இரண்டு பேர் கையெழுத்தோடு இருக்கட்டும்.

தொடங்குவதற்கு ஒர்க்‌ஷாப் வேண்டாம், கருவியில் பெரிய முதலீடும் வேண்டாம். கம்ப்ரஷன் கேஜ், நடுத்தர போர்ஸ்கோப், நல்ல டார்ச், ஒரு நோட்டு. புதுப்பேட்டைக்குப் போகும்போதெல்லாம் கண்ணில் படும் சொகுசுக் கார் இன்ஜின்களின் எண், அது எந்த வண்டியிலிருந்து வந்தது, கடை எது என்று நோட்டில் எழுதுங்கள். வாங்காவிட்டாலும் எழுதுங்கள். ஐம்பது பதிவு சேர்ந்ததும் அந்த நோட்டோடு புதுச்சேரியில் இறக்குமதிக் கார் பார்க்கும் தனியார் ஒர்க்‌ஷாப்களுக்குப் போய், மெக்கானிக் வேலை கேட்காமல், இன்ஜின் இல்லாமல் மூலையில் தார்ப்பாய் போட்டு நிறுத்தியிருக்கும் வண்டி எது என்று கேளுங்கள். அப்படி ஒன்றாவது இருக்கும். அதன் இன்ஜின் எண்ணை நோட்டில் தேடுங்கள். இருந்தால் அங்கேயே தேடல் கூலி பேசிவிடலாம், மாதச் சம்பளமாக அல்ல, வண்டிக்கு இவ்வளவு என்று.